பவளங்களுக்குக் காற்று

தச்சர் மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றீர்கள். ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். மேசையைத் துடைத்தேன். பேனாவை உதறிப் பார்த்தேன். அந்த ஒரு வரி உண்மைதான், அவர் மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் நான் பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டதுபோல் ஆகிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் வந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தீர்கள். அதில் தப்பில்லை. ஒரு தச்சர் தானாகவே காவல் நிலையத்துக்கு நடந்து வந்து, "என் மரத்தூளால ஒரு அம்மா செத்துட்டாங்க, என்னை உள்ள வைங்க" என்று நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இறந்த என் அக்கா வயதானவள், பல வருடத்து நுரையீரல் நோய், மருத்துவரும் சான்றிதழ் கொடுத்துவிட்டார். கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தீர்கள். கிளம்பும்போது என் மீன் தொட்டியின் முன் நின்று, "வீட்டுக்குள்ளயே கடல் வெச்சிருக்கீங்களே சார்" என்றீர்கள். உங்கள் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடல் நீர் தயாரிப்பது ஒன்றும் கடினமில்லை. வடிகட்டிய தண்ணீரில் அதற்கான உப்பை அளந்து போட்டுக் கலக்கினால் ஆயிற்று. அந்த நீரை அப்படியே வைத்திருப்பதுதான் பாடு. பவளம் பார்ப்பதற்குக் கல்லைப்போல இருந்தாலும் உயிருள்ளது. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்கிறது. கட்டக் கட்ட நீரில் அது குறையும். குறைந்ததை நாம் தினமும் சொட்டுச் சொட்டாக ஈடுகட்ட வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஒரே நாளில் சரிசெய்கிறேன் என்று கொட்டினால் அதைவிட ஆபத்து. கடலில் இதையெல்லாம் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. அங்கே தண்ணீர் அவ்வளவு இருக்கிறது. நான்கடித் தொட்டியில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அந்தப் பொறுமை உண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் நான். முடி அளவு பிசகினால் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும். கடையில் பின்னறையில் நானும் இயந்திரமும்தான். வீட்டுக்கு வந்தால் நானும் தொட்டியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருடம் அப்படியே ஓடியது, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் அக்கா வந்தாள்.

அக்காவுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா போனபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். அப்பா வேலை தேடிப் போனவர் போனவர்தான். அக்கா ஒரு மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கும் வேலைக்குப் போனாள். சின்ன அறை, கதவை மூடிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், திறந்தால் பஞ்சு பறந்துவிடும். அவளைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். "இவன யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். என்னைப் படிக்க வைத்ததும், கடையில் சேர்த்துவிட்டதும் அந்தப் பஞ்சுதான். அந்தப் பஞ்சேதான் அவளுடைய நுரையீரலிலும் போய் உட்கார்ந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்றிருந்தது, பிறகு உட்கார்ந்திருந்தாலே வாங்க ஆரம்பித்தது. மருத்துவர் அம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இதுக்கு மேல ஒரு தூசிகூட இவங்க உள்ள போகக் கூடாது. இருக்கிறத வெச்சுக் காலம் தள்ளணும்" என்றார். நான் தலையாட்டினேன். அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

என் வீடு முதல் மாடியில், ஒரு கூடம், ஒரு படுக்கையறை. படுக்கையறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரில் ஈரம். அதனால் அக்காவின் கட்டிலைக் கூடத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் போட்டோம். கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் நேர் கீழே தச்சரின் முற்றம். தகரக் கூரை போட்டு, தேய்ப்பு இயந்திரத்தை வெளியில்தான் வைத்திருந்தார். அவர் இயந்திரத்தைப் போட்டால் மாவு சலித்ததுபோல மரத்தூள் மேலே எழும்பி வரும். ஆகவே அந்த ஜன்னலை மூடியே வைப்பது என்று முடிவாயிற்று. அதுவும் என் முடிவுதான். அப்போது நான் நல்லவனாகவே இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா தொட்டியோடு பழகிவிட்டாள். மஞ்சள் மீனுக்குப் பெரியமனுஷி என்று பெயர் வைத்தாள், எதையும் முந்திக்கொண்டு வந்து பார்ப்பதால். பாறை இடுக்கை விட்டு வராத கோமாளி மீனுக்கு மாப்பிள்ளை. நான் மாலையில் நீரைச் சோதிப்பேன். சின்னக் குப்பியில் தொட்டி நீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை சொட்டில் மாறுகிறதோ அதுதான் கணக்கு. அக்கா கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்குக்கூட இத்தனை டெஸ்ட் எடுத்ததில்லடா" என்பாள்.

ஒரு மாதத்தில் அவளுக்கு எல்லாம் அத்துப்படி. நான் இன்னொரு சொட்டு விடப் போகும்போது, "போதும், மாறிடுச்சு" என்று குரல் கொடுப்பாள். குப்பியை ஆட்டிப் பார்த்தால் மாறித்தான் இருக்கும். மெத்தைத் துணிக்கு நிறம் பார்த்து நூல் பொருத்திப் பொருத்திப் பழகிய கண். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவளே தவிர, ஒன்றைப் பார்த்தால் அதன் அடிவரை பிடித்துவிடுவாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் தேவைப்படும்.

அவள் வந்த சில வாரங்களில் பிஎச் எண் இறங்கத் தொடங்கியது. தொட்டிக்கு மேலே ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எரிகிறதே, அதுதான். எட்டுக்கு மேல் இருக்க வேண்டும், எட்டே கால் என்றால் அருமை. அது ஏழே முக்காலுக்கு வந்தது. நீர் புளிப்பாகிறது என்று அர்த்தம். புளிப்பான நீரில் பவளம் எலும்பு கட்டத் திணறும். என் மான்கொம்புப் பவளம் நுனியில் வெள்ளை வைத்து வளர்வதை நிறுத்திவிட்டது. உப்பை மாற்றினேன், காரத்தைக் கூட்டினேன். எண் அசையவில்லை. மீன் கடைக்காரரிடம் கேட்டேன்.

"ரூம் மூடியே இருக்கா சார்?"

"ஆமா."

"ஆள் இருக்காங்களா உள்ள?"

"அக்கா இருக்காங்க."

"அப்போ அதான். நாம விடுற மூச்சு ரூம்லயே தங்கிடும் சார். தண்ணி அதக் குடிச்சுப் புளிச்சுப் போகும். ஜன்னலத் திறங்க, தானா ஏறும்."

நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த வாரமே அக்காவுக்குச் சளி கட்டி மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்தார்கள். பகலெல்லாம் வீடு காலியாகக் கிடந்தது. எண் ஏறியது. ஜன்னலைத் திறக்காமலேயே ஏறியது. பவளங்கள் விரல் விரலாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கடையில் நான் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு லென்ஸ் தேய்த்திருக்கிறேன். முன்னால் கணக்குப் பார்க்கும் பெண் எட்டிப் பார்த்து, "என்ன சார், அக்கா தேறிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை, தேறித்தான் இருந்தாள். ஆனால் நான் முனகியது அதற்காக இல்லை. அது எனக்கே புரிந்து, காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா திரும்பி வந்தாள். எண் இறங்கியது.

அவளே கேட்டாள். "என்னடா, ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"மாப்பிள்ளை போய்ட்டானா?"

"அதெல்லாம் இல்ல. தண்ணி புளிச்சுட்டே போகுது. பவளம் வளர மாட்டேங்குது."

"ஏன் புளிக்குது?"

இங்கே நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உப்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நான் உண்மையைச் சொன்னேன். மூடிய அறை, மூச்சுக் காற்று, அது நீரில் கரைவது, எல்லாவற்றையும் நிதானமாக, பாடம் நடத்துவதுபோலச் சொன்னேன். நாம் இருவரும் விடுகிற மூச்சு என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அப்போ நான் விடுற மூச்சுதான் அதுங்களுக்கு ஆகலியா?"

"நீதானேக்கா நாள் முழுக்க உள்ள இருக்க."

அவள் சிரித்தாள். "நான் விடுறதே பாதி மூச்சு. அதுலயும் பங்குக்கு வந்துட்டுதுங்களா?"

நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் பகலில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டு என்பது சரியில்லை, தரையில் இழுத்துக்கொண்டு. அங்கே குளிர்ந்த காற்று சுற்றி வரும், அவளுக்கு ஆகாது. நான் ஒரு நாள் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உள்ள வாக்கா" என்றேன். "எண் எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏறியிருக்கு" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சின்ன வயதில் ஒரு முறை இப்படித்தான். வேலை முடித்து அப்படியே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிற்பாள், தலையெல்லாம் பஞ்சு. பையன்கள் சிரிக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து தெருமுனையில் மரத்துக்குப் பின்னால் நின்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடம் ஒன்றைக் கேட்டு வாங்க நான் எப்போதும் கஷ்டப்பட்டதே இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்தது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சளி மறுபடி கட்டியது. எனவே நான் ஒரு ஏற்பாடு சொன்னேன். பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை ஜன்னலைத் திறந்து வை, வெயில் நேராக அடிக்கும், குளிர் தாக்காது, அறைக் காற்றும் மாறிவிடும், மற்ற நேரம் மூடிவிடு. மரத்தூள்? தச்சர் நாள் முழுக்கவா தேய்க்கிறார், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நல்ல ஏற்பாடு என்று நம்பித்தான் சொன்னேன். இதுவரை நான் செய்ததை எல்லாம் யாரும் செய்யக்கூடியது என்று வாதாட முடியும். இனிமேல் எழுதப் போவதற்கு அந்த வாதம் செல்லாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சர் கதவைத் தட்டினார். கையில் துளை போடும் இயந்திரம், தோளில் சுருட்டிய வயர். அவர் அக்காவைப் பெரியக்கா என்று கூப்பிடுவார். அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நாட்களிலேயே இருவரும் நட்பாகியிருந்தார்கள்.

"பெரியக்கா எல்லாம் சொன்னாங்க சார். உங்க தொட்டியில நுரை எடுக்கிற மிஷின் ஒண்ணு காத்தை உறிஞ்சுதாமே?"

"ஆமா."

"அது ரூம் காத்தத்தானே உறிஞ்சுது? ஜன்னல் சட்டத்துல விரல் தண்டிக்கு ஒரு ஓட்டை போட்டு, ட்யூப்ப வெளிய விட்டுட்டா வெளிக் காத்தே நேரா தண்ணிக்குப் போகும். ட்யூப் வாயில பஞ்சு வெச்சுக் கட்டிட்டா தூசியும் போகாது. ஜன்னல மூடியே வெச்சுக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை சார்."

இது எனக்குத் தெரியாததா என்றால், தெரியும். பவளம் வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான். எண் இறங்கிய முதல் வாரத்திலேயே படித்திருந்தேன். அந்தக் குழாய் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுகூடத் தெரியும்.

"வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்" என்றேன்.

"மூடி போட்டுத் தரேன் சார். காலி பண்ணும்போது மரத்தூளும் பசையும் குழைச்சு அடைச்சுடலாம். தடமே தெரியாது."

"வேண்டாங்க."

வீட்டுக்காரர் இந்தப் பக்கம் தலைகாட்டிப் பல வருடம் ஆகிறது. தச்சர் என்னைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி, "விடுங்க தச்சரே, அவனுக்கு அதப்பத்தி எல்லாம் தெரியும். ஏதாவது காரணம் இருக்கும்" என்றாள்.

அவரை வழியனுப்ப மாடிப்படி வரை போனேன். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"அப்போ ஒண்ணு பண்றேன் சார். ஜன்னல் எந்த நேரம் கண்டிப்பா மூடியிருக்கும்னு சொல்லுங்க. தேய்ப்பு வேலை பூரா அந்த நேரத்துல வெச்சுக்கறேன். மத்த நேரம் அறுக்கிறது, அடிக்கிறதுன்னு ஓட்டிடுவேன். பெரியக்காவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

நான் யோசிக்கவில்லை. யோசித்துச் சொன்னேன் என்றால்கூட ஒரு மனிதன் தனக்குள் போராடினான் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள இடம் உண்டு. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னேன்.

"பதினொண்ணுலருந்து ஒண்ணு வரைக்கும் மூடியிருக்கும்."

"சரிங்க சார். இனிமே அந்த நேரம்தான்" என்று சந்தோஷமாக இறங்கிப் போனார்.

நான் உள்ளே வந்தேன். அக்கா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தார் என்றேன்.

நாளை சரிசெய்துவிடலாம் என்று அன்று படுக்கும்போது நினைத்தது நிஜம். கீழே இறங்கி, "தப்பாச் சொல்லிட்டேங்க, பதினொண்ணுலருந்து ஒண்ணு வரைக்கும் திறந்திருக்கும்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். தினமும் கடைக்குப் போகும்போது அவர் முற்றத்தைத் தாண்டித்தான் போகிறேன். அவர் கையைத் தூக்கி வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். நானே தேய்ப்பு வேலை செய்கிறவன். கண்ணாடித் தூளுக்குப் பயந்து, வாய்க்கும் மூக்குக்கும் கவசம் இல்லாமல் ஒரு நாள்கூட இயந்திரத்துக்கு முன் நின்றதில்லை. தூள் உள்ளே போனால் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில நாளில் தொட்டியின் மேல்பரப்பில் மெல்லிய படலம் தெரிந்தது. மரத்தூள். பவளத்தின் மேல் படிந்தால் அது அழுகிவிடும். கடையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணி ஒரு சுருள் கிடந்தது. வாங்கி வந்து, தொட்டியை மூடும் அளவுக்கு வெட்டினேன். ஓரம் பிரிந்து பிரிந்து வந்தது. அக்காவிடம் கொடுத்தேன்.

"எதுக்குடா?"

"தொட்டி மேல போட. தூசி விழுது."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். இருமல் வந்தபோதெல்லாம் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு இருமினாள். நாலு பக்கமும் மடித்துத் தைத்தாள். முடிக்கும்போது தலை நிமிராமல் கேட்டாள்.

"பதினொண்ணுக்குப் போட்டுட்டு ஒண்ணுக்கு எடுத்துடணும், அதானே?"

"ஆமாக்கா."

"அந்த நேரத்துலதான் தச்சர் தேய்க்கிறார்னு உனக்கு எப்படிடா தெரியும்? நீ கடையிலல்ல இருக்க."

நான் குப்பியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, துணியை மடித்து என்னிடம் நீட்டினாள். "நல்லா வந்திருக்கா பாரு" என்றாள். நன்றாக வந்திருந்தது.

அதன் பிறகு நான் ஜன்னலைத் தொடவே இல்லை. இதை எனக்குச் சாதகமாகப் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தினமும் அவளாகத்தான் எழுந்து போய் முதலில் தொட்டிக்குத் துணியைப் போடுவாள், பிறகு ஜன்னலைத் திறப்பாள். நான் மாலையில் வரும்போது ஜன்னல் மூடியிருக்கும், துணி மடித்திருக்கும், தரை பெருக்கியிருக்கும். எண் எட்டுக்கு மேல் நிற்கும். மான்கொம்பு புதிதாகக் கிளை விட்டது. அக்காவின் இருமல் மாறியது, நீளமாக, அடியிலிருந்து வந்தது. மருத்துவர் அம்மா, "வீட்ல தூசி ஏதாவது வருதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அக்கா, "இல்லம்மா, தம்பி கண்ணாடி மாதிரி வெச்சிருக்கான்" என்றாள். மருத்துவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் வந்தது. தச்சர்தான் கூப்பிட்டார். மணி ஒன்றைத் தாண்டியும் ஜன்னல் மூடவில்லையே என்று மேலே ஏறிப் போயிருக்கிறார், அந்தக் காரணத்தை எனக்குப் பிறகுதான் சொன்னார். அக்கா ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாளாம். நான் வந்து சேர்ந்தபோது அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மருத்துவர் அம்மா வந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தச்சர் மூலையில் நின்றார், அவர் புருவத்திலும் தலைமுடியிலும் மரத்தூள். ஜன்னல் திறந்தே இருந்தது. தொட்டியின் மேல் துணி இருந்தது.

நான் முதலில் எண்ணைப் பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கும் முன்னால் என் கண் தானாக மேலே போய் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. எட்டே கால். அருமையான எண்.

அக்கா போன பின் தச்சர் தினமும் மாலையில் மேலே வந்து உட்கார்ந்தார். பட்டறையைத் திறக்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "என் கைதான் சார், என் கைதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் அவர் தோளைத் தட்டி, "அப்படியெல்லாம் பேசக் கூடாது. அவங்க காலம் முடிஞ்சுது" என்று ஆறுதல் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதுவரை ஏற்பட்ட வெட்கங்களிலெல்லாம் அதுதான் பெரியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து அவர் சொன்னார்.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் சார். ஜன்னல் திறந்திருந்தது எனக்குத் தெரியும். நீங்க மூடியிருக்கும்னு சொன்ன நேரத்துலதான் மிஷின் போட்டேன். முதல் வாரமே ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தா, ஜன்னல் பப்பரப்பான்னு திறந்து கிடக்கு, பெரியக்கா நிக்கறாங்க. மிஷின நிறுத்திட்டு, 'என்ன பெரியக்கா, மூடியிருக்கும்னு தம்பி சொன்னாரே'ன்னு கத்துனேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'இந்த நேரத்தையா சொன்னான்?'னு ஒரு தடவ கேட்டாங்க. ஆமான்னேன். அப்புறம் சிரிச்சாங்க. 'தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க வேலையப் பாருங்க தச்சரே, நிறுத்தாதீங்க. நான் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கறேன். அவன்கிட்ட எதுவும் கேக்காதீங்க, பாவம்'னாங்க. போய் உக்காந்துப்பாங்கன்னு நம்பிட்டேன் சார். நான் நிறுத்தியிருக்கணும்."

மறுநாள்தான் அவர் உங்கள் நிலையத்துக்கு வந்தார்.

ஐயா, தச்சர் என்னிடம் சரியான நேரத்தைத்தான் கேட்டார். நான் தவறான நேரத்தைச் சொன்னேன். தெரிந்து சொன்னேன். பவளத்துக்காகச் சொன்னேன் என்று இந்தத் தாளில் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பவளத்துக்கு ஒரு விரல் தண்டி ஓட்டை போதும், அதை நான் வேண்டாம் என்றேன். என்னால் தாங்க முடியாமல் போனது அவளுடைய மூச்சுச் சத்தம். இழுக்கும்போது ஒரு விசில், விடும்போது பழைய கதவு திறப்பதுபோல் ஒரு முனகல். நான் சாப்பிடும்போது, படிக்கும்போது, குப்பியில் சொட்டு எண்ணும்போது, பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று இருவருக்கும் தெரியும். அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனது ஆறியிருக்கும். அவள் சொல்லாததால் அந்தச் சத்தம் சொல்லிக்கொண்டிருந்தது. அது நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நின்றது.

என் அக்காவைக் கொன்றது நான். தச்சரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள், நான் எதிரில் இல்லாதபோது.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா சிரித்தாள், பாவம் என்றாள் என்பதெல்லாம் இயந்திரச் சத்தத்தில் அவர் காதில் தவறாக விழுந்திருக்கும். அக்காவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் ஜன்னலை மூடியிருப்பாள்.